சிதார் பரம்பரைப் படங்களில் விடுபடும் கோடுகள்

யமன்பிரியன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. சிதார் கரானாக்களைப் (இசைப் பரம்பரைகளைப்) பற்றி எங்கே தேடினாலும் ஒரே மாதிரியான படம்தான் கிடைக்கிறது. மேலே தாத்தா, கீழே மகன், அதற்கும் கீழே பேரன். இட்டாவா அல்லது இம்தாத்கானி என்று சொல்லப்படும் மரபுக்கு சாஹப்தாத் கான், இம்தாத் கான், இனாயத் கான், விலாயத் கான், ஷுஜாத் கான் என்று நேராக ஒரு கோடு. மைஹர் மரபு என்றால் அலாவுதீன் கான், அவருக்குக் கீழே மகன் அலி அக்பர் கான், பக்கத்தில் ரவிசங்கர். அவ்வளவுதான்.

யார் யாருக்குப் பிள்ளை என்பதை இந்தப் படங்கள் சரியாகச் சொல்கின்றன. யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று கேட்டால் பாதிக்கு மேல் விடுபட்டுப் போகிறது. அதிலும் பெண்கள் சொல்லிக்கொடுத்தது எல்லாமே விடுபடுகிறது. இதைத்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

விலாயத் கானை எடுத்துக்கொள்வோம். 1928இல், இன்று வங்கதேசத்தில் இருக்கும் கௌரிபூரில் பிறந்தார். அப்பா இனாயத் கான் 1938இல் காலமானபோது அவருக்குப் பத்து வயது. அதற்குப் பிறகு கற்றுக்கொடுத்தவர்கள் யார்? அம்மா பஷீரன் பேகம், அம்மாவின் அப்பா பந்தே ஹசன் கான், சித்தப்பா வாஹித் கான். அம்மாவின் பிறந்த வீடு பாட்டுக்காரர்களின் வீடு. இளம் வயதில் விலாயத்துக்கும் பாடகராகிவிட வேண்டும் என்றுதான் ஆசை. அப்பா வழி வாத்தியத்தை விட்டுவிடக் கூடாது என்று தடுத்து நிறுத்தியவர் அம்மா. பாட்டு மனதுக்குள் இருக்க, கை சிதாரில் இருக்க, அவர் என்ன செய்தார் என்பது நமக்குத் தெரியும். ஒரே மெட்டில் (தண்டில் விரல் வைக்கும் உலோகக் கட்டையில்) தந்தியை இழுத்து, ஸ்வரம் வழுக்கிச் செல்லும் மீண்டை ஐந்து ஸ்வரம் வரை கொண்டுவந்தார். குரலைப் போலச் சிதாரை வாசிக்கும் ‘காயகி அங்கம்’ அவர் பெயராலேயே நிலைத்தது. இன்று அந்தக் கரானாவின் அடையாளமே அதுதான். அந்த அடையாளத்தில் பாதியைத் தந்த வீட்டுக்குப் படத்தில் ஒரு பெட்டிகூட இல்லை.

மைஹரில் அலாவுதீன் கானின் மகள் அன்னபூர்ணா தேவி. அவரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, அடுத்த பதிவில் எழுதுகிறேன். அதற்குள் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஜாலா எழுதியது:

சார், நான் இம்தாத்கானி பாணியில் சிதார் கற்றுக்கொண்டிருப்பவன். அம்மா வழியை யாரும் மறைக்கவில்லை. விலாயத் கான் சாஹபே தன் அம்மாவையும் தாத்தாவையும் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறார். ஆனால் ரத்த வழிக் கோட்டை நீங்கள் லேசாக எடுத்துக்கொள்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

இம்தாத் கான் 1848இல் பிறந்தவர். சிதார் வாசிப்பை முதன்முதலாக இசைத்தட்டில் பதிவுசெய்தவர் அவர்தான். சில்லா என்பார்களே, நாற்பது நாள் வெளியே வராமல் சாதகம் செய்வது, அதெல்லாம் அந்த வீட்டில் அன்றாட வழக்கமாக இருந்தது. அப்படிப்பட்ட வீட்டில் தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் காதில் காலையிலிருந்து இரவு வரை விழுவது நிதானமான ராக விரிவான ஆலாப்பும் வேகமான முடிவுப் பகுதியான ஜாலாவும்தான். வாரத்தில் ஒரு மணி நேரம் வகுப்புக்குப் போகிற என்னைப் போன்றவனுக்கு அது எப்படி வரும்? விலாயத் கானின் தம்பி இம்ரத் கானைப் பாருங்கள். அப்பா இறந்தபோது அவருக்கு மூன்று வயது. அப்பாவிடம் ஒன்றும் கற்றிருக்க முடியாது. இருந்தும் சுர்பஹாரில் (சிதாரைவிடப் பெரிய, ஆழ்ந்த நாதமுள்ள வாத்தியம்) அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று ஆனது எப்படி? வீடுதான்.

யமன்பிரியன் எழுதியது:

//வீடுதான்//

நானும் அதைத்தான் சொல்கிறேன் ஜாலா. வீடு என்றால் அதில் அம்மா இருந்தார், அண்ணன் இருந்தார், சித்தப்பா இருந்தார். இம்ரத்துக்குப் பெரும்பாலும் சொல்லிக்கொடுத்தவர்கள் இவர்கள்தான். படம் மட்டும் இனாயத்திலிருந்து இம்ரத்துக்கு நேராகக் கோடு போடுகிறது.

பழைய இசைத்தட்டு எழுதியது:

ரத்த வழியா, சிஷ்ய வழியா என்ற கேள்விக்குக் காதாலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நான் பலருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

ஷாஹித் பர்வேஸ், புத்தாதித்ய முகர்ஜி இருவரும் 1950களின் நடுவில் பிறந்தவர்கள். இருவரும் இம்தாத்கானி மரபு. ஷாஹித் பர்வேஸ் வாஹித் கானின் பேரன், அப்பா அஜீஸ் கானிடம் கற்றவர். புத்தாதித்யர் அந்த வீட்டில் பிறந்தவர் இல்லை. அவருடைய அப்பா பிமலேந்து முகர்ஜி, இனாயத் கானின் சிஷ்யர். புத்தாதித்யர் உலோகவியல் பொறியியல் படித்துவிட்டு வந்தவர். இருவருடைய வாசிப்பையும் பெயரை மறைத்துவிட்டு, பழக்கமில்லாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். யார் வீட்டுப் பிள்ளை, யார் சிஷ்யர் பிள்ளை என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இதுவரை யாரும் தைரியமாகப் பதில் சொன்னதில்லை. வித்தியாசம் நிறைய இருக்கிறது. ஒருவரிடம் லயத்தில் விளையாட்டு அதிகம், இன்னொருவரிடம் வேகமான ‘தான்’ என்னும் ஸ்வரக் கோர்வையிலும் ஒவ்வொரு ஸ்வரமும் உடையாமல் தெளிவாக நிற்கும். ஆனால் அது ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசம்.

மைஹர் சிதார்க்காரர்களான ரவிசங்கரும் நிகில் பானர்ஜியும் அலாவுதீன் கான் என்ற ஒரே குருவிடம் கற்றவர்கள்தானே? அவர்களுக்குள் இருக்கும் தூரம் இதைவிடப் பெரிது.

கொல்கத்தா சேது எழுதியது:

இழையைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நான் இங்கே பல வருடங்களாக இருக்கிறேன். குளிர்காலம் வந்தால் இரவு முழுக்கக் கச்சேரி கேட்கிற ஊர் இது. விலாயத் கான் 2004இல் மும்பையில் காலமானார், அடக்கம் செய்தது இங்கே, அப்பா இனாயத் கானுக்குப் பக்கத்தில்.

மைஹர் பக்கம் நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சிதார்க் கரானா என்று நாம் பேசும் மைஹரைத் தொடங்கிய அலாவுதீன் கான் சிதார்க்காரர் அல்ல. அவருடைய முதன்மை வாத்தியம் மெட்டில்லாத தந்தி வாத்தியமான சரோத். வயலின் வாசிப்பார், இன்னும் எத்தனையோ வாசிப்பார். இன்று வங்கதேசத்தில் உள்ள பிராமன்பாரியா பக்கம் சிப்பூர் கிராமத்தில் பிறந்து, கொல்கத்தாவில் பாட்டு கற்று, அகமது அலி கானிடம் சரோத் கற்று, கடைசியில் ராம்பூரில் வஜீர் கானிடம் போய்ச் சேர்ந்தார். வஜீர் கான், அக்பர் அவைப் பாடகர் தான்சேனின் மகள் வழி வந்ததாகச் சொல்லப்படும் பீன்கார், அதாவது ருத்ர வீணைக்காரர். அவரைப் பார்க்கவே முடியாமல் அலாவுதீன் கான் அலைந்து, கடைசியில் நவாபின் வண்டிக்கு முன்னால் போய் விழுந்தார் என்று ஒரு கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். சேர்ந்த பிறகும் வருடக்கணக்கில் காத்திருந்துதான் பாடம் கிடைத்தது. ருத்ர வீணையை வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் கற்றுத்தருவார்கள், வெளியாருக்கு ரபாப், சுர்சிங்கார் என்ற வேறு தந்தி வாத்தியங்கள்தான் என்பது அந்தக் காலத்து வழக்கம்.

இந்த இடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தன்னை இப்படிக் காக்கவைத்த மரபிலிருந்து வந்த மனிதர், 1918 வாக்கில் மைஹர் அரசவையில் சேர்ந்த பிறகு என்ன செய்தார்? அனாதைக் குழந்தைகளைச் சேர்த்து ஒரு வாத்தியக் குழுவே அமைத்தார். துப்பாக்கிக் குழல்களை வெட்டி ‘நல்தரங்’ என்று ஒரு வாத்தியம் செய்தார். பன்னாலால் கோஷுக்குப் புல்லாங்குழல், ரவிசங்கருக்கும் நிகிலுக்கும் சிதார், சரண் ராணிக்குச் சரோத். யார் வந்து நின்றாலும், அடியும் திட்டும் சேர்த்து, கொட்டிக் கொடுத்தார். அவர் கோபம் பெயர் போனது. ஆனால் வித்தையை ஒளித்தார் என்று ஒருவரும் சொன்னதில்லை. என்னைக் கேட்டால் சிதார் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை.

வீணை லலிதா எழுதியது:

சேது, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். நான் நாற்பது வருடமாக வீணை சொல்லிக்கொடுப்பவள். வடக்கத்தி சங்கீதம் ரசிகையாக மட்டும்தான் தெரியும்.

நம் பக்கம் தியாகராஜரின் சிஷ்யர்கள் உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று பிரிந்தபோது ஊர்ப் பெயரால்தான் அறியப்பட்டார்கள். அவர் மகன் வழி என்று ஒரு பரம்பரையை யாரும் பேசுவதில்லை. தியாகராஜருக்கு இருந்தது ஒரே மகள். அதனால் சிஷ்யர்தான் வாரிசு என்பதை நாம் சுலபமாக ஏற்றுக்கொள்கிறோம். வடக்கே வாத்தியம் சோறு போடும் தொழில். அரசவையில் சம்பளம் அந்த வித்தைக்குத்தான். அதை வெளியே கொடுத்தால் நாளைக்குத் தன் பிள்ளை என்ன செய்வான் என்ற பயம் இருந்திருக்கும். காக்கவைத்தவர்களை முழுக்கக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

யமன்பிரியன், அன்னபூர்ணா தேவியைப் பற்றி எழுதுகிறேன் என்றீர்களே?

யமன்பிரியன் எழுதியது:

எழுதிவிட்டேன் அம்மா, நீளமாகிவிட்டது.

அன்னபூர்ணாவின் அக்கா ஜஹானாராவுக்கும் அலாவுதீன் கான் இசை கற்பித்தார். கல்யாணமாகிப் போன வீட்டில் அது பொறுக்கவில்லை, தம்பூராவைக் கொளுத்திவிட்டார்கள். அந்த வேதனையில், இளைய மகளுக்குச் சொல்லிக்கொடுப்பதே இல்லை என்று முடிவு செய்திருந்தார். ஒருநாள் அவர் வெளியே போயிருந்தபோது அலி அக்பர் சாதகத்தில் ஓரிடத்தில் தவறவிட, பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த தங்கை, அப்பா இப்படிச் சொல்லித்தரவில்லை அண்ணா என்று பாடியே காட்டியிருக்கிறாள். திரும்பி வந்த அப்பா அதைக் கேட்டுவிட்டு, அவள் கையில் தம்பூராவைக் கொடுத்தார். முதலில் பாட்டு, அப்புறம் சிதார், பிறகு சுர்பஹார். ரசிகர்கள் சிதாரைக் கொண்டாடுவார்கள், சுர்பஹாரை அறிந்தவர்கள்தான் கேட்பார்கள், உனக்கு எது வேண்டும் என்று கேட்டாராம். அவர் சுர்பஹாரை எடுத்துக்கொண்டார்.

1941இல் ரவிசங்கரோடு திருமணம். ஐம்பதுகளில் இருவரும் சேர்ந்து வாசித்த சில கச்சேரிகளுக்குப் பிறகு பொதுமேடையை விட்டு விலகினார். அவர் வாசிப்பு என்று நமக்குக் கிடைப்பது தனியார் பதிவுகள் சில மட்டுமே. ரவிசங்கரோடு வாசித்த பதிவு ஒன்று எல்லோர் கையிலும் இருக்கிறது. 2018 அக்டோபரில் மும்பையில் காலமாகும்வரை வீட்டை விட்டு அதிகம் வெளியே வரவில்லை.

இந்த அம்மாவிடம் கற்றவர்களைப் பாருங்கள். நிகில் பானர்ஜி, சிதார். ஹரிபிரசாத் சௌராசியா, நித்யானந்த் ஹல்திபூர், இருவரும் புல்லாங்குழல். பசந்த் காப்ரா, சரோத். அண்ணன் மகன் ஆஷிஷ் கான், சரோத். மகன் சுபேந்திர சங்கர், சிதார். அன்னபூர்ணா தேவி கையில் இருந்ததோ சுர்பஹார். புல்லாங்குழலுக்கு எங்கே விரல் வைப்பது என்று அவர் சொல்லியிருக்க மாட்டார். பாடித்தான் கொடுத்தார். ஹரிபிரசாத் அவரிடம் சேர வந்தபோது ஏற்கெனவே பெயர் பெற்ற கலைஞர். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கத் தயார் என்று காட்டுவதற்காக, வலப்பக்கம் பிடித்து வாசித்த குழலை இடப்பக்கம் மாற்றிக்கொண்டார். இன்றும் அப்படித்தான் வாசிக்கிறார்.

சிதாரில் இன்று நாம் மைஹர் பாணி என்று கேட்பதில், அந்த நிதானமான ஆலாப்பில், இவர் சொல்லிக்கொடுத்தது எவ்வளவு கலந்திருக்கும்? படத்தில் இவர் பெயர் இருந்தாலும் மகள், மனைவி என்ற இடத்தில்தான் இருக்கிறது. குரு என்று கீழ்நோக்கி ஒரு கோடு போட்ட படத்தை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன்.

ஜாலா எழுதியது:

அவர் மேடையை விட்டதற்குக் காரணம் ரவிசங்கர்தான் என்று நிறையப் பேசுகிறார்களே சார்?

வீணை லலிதா எழுதியது:

தம்பி, அந்தக் குடும்ப விவகாரம் வேண்டாம். இருவரும் போய்விட்டார்கள். அன்னபூர்ணா தேவி பெயர் வந்தாலே எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள், அவர் கற்பித்ததைப் பேசுவதில்லை. இந்த இழையிலாவது பேசுவோம்.

பழைய இசைத்தட்டு எழுதியது:

அம்மா சொல்வது சரி.

நிகில் பானர்ஜியைப் பற்றி ஒரு வார்த்தை. 1931இல் பிறந்தவர். அப்பா ஜிதேந்திரநாத்திடம் முதல் பாடம். ஒன்பது வயதிலேயே வானொலியில் வாசித்த பிள்ளை. 1947இல் மைஹர் போய்ச் சேர்ந்தார். ரவிசங்கருக்குக் கொடுத்த பாடத்தையே இவருக்கும் கொடுக்கவில்லை அலாவுதீன் கான். கையையும் மனதையும் பார்த்து வேறு வழியில் வளர்த்தார். பிறகு நிகில் பல ஆண்டுகள் அலி அக்பர் கானிடம் கற்றார், அன்னபூர்ணா தேவியிடமும் கற்றார். சரோத்காரர், சுர்பஹார்க்காரர், எல்லா வாத்தியமும் தெரிந்த கிழவர் மூவரும் சேர்ந்து ஒரு சிதார்க்காரரை உருவாக்கியிருக்கிறார்கள். 1986இல் 54 வயதிலேயே போய்விட்டார். அவருடைய மீண்ட்களைக் கேட்டால் விலாயத் கானின் தாக்கமும் காதில் படும். கரானாவுக்குக் கரானா சுவர் எழுப்பிக்கொண்டு யாரும் வாழவில்லை.

கொல்கத்தா சேது எழுதியது:

இருந்தாலும் ரத்தமே இல்லாமல் நேராக இறங்கி வந்த ஒன்று உண்டு. வலக்கை.

18ஆம் நூற்றாண்டில் தில்லியில் மசீத் கான் அமைத்த விளம்ப கத் (மெதுவான காலத்தில் தாளத்தோடு வாசிக்கும் உருப்படி) இன்றுவரை அப்படியே இருக்கிறது. தீன்தால் தாளத்தின் 12ஆம் மாத்திரையில் எடுப்பு. வலக்கை மீட்டல்களைச் சொல்லாகச் சொன்னால்: திர் தா திர் தா ரா, தா தா ரா. மறுபடி திர் தா திர் தா ரா, தா தா ரா. 16 மாத்திரை. கிழக்கே லக்னோ பக்கம் பிறந்த வேகமான கத்துக்கு ரஜாகானி என்று பெயர். எந்தக் கரானாவாக இருந்தாலும் சிதார் மாணவர் இந்த இரண்டையும் தாண்டாமல் போக முடியாது. இட்டாவா, மைஹர், விஷ்ணுபூர் என்று சண்டை போடும் எல்லோருடைய சுட்டுவிரலிலும் மசீத் கான் இருக்கிறார்.

ஜெய்ப்பூர் சேனியா மரபு பற்றி யாரும் பேசவில்லையே. அம்ரித் சென் வழி வந்தது. முஷ்தாக் அலி கான், அவருடைய சிஷ்யர் தேபு சௌத்ரி ஆகியோர் 17 மெட்டுகளே உள்ள சிதாரை விடாமல் வாசித்தார்கள். மற்றவர்கள் 19, 20 என்று போன பிறகும் மாறவில்லை. தேவைப்படும் ஸ்வரத்தை மெட்டை நகர்த்தியோ, தந்தியை இழுத்தோ எடுப்பார்கள். தேபு சௌத்ரி 2021 மே மாதம் கொரோனாவில் போனார். ஒரு வாரத்துக்குள் அவர் மகன் பிரதீக் சௌத்ரியும் அதே நோயில் போனார். அப்பா மகன் இருவருமே தில்லிப் பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்னவர்கள். பிள்ளையை மட்டும் நம்பியிருந்தால் அந்த மரபு அந்த வாரத்தோடு முடிந்திருக்கும். மாணவர்கள் இருக்கிறார்கள், அதனால் இருக்கிறது.

ஜாலா எழுதியது:

சேது சார், இதைப் படித்ததும் கஷ்டமாகிவிட்டது. வீட்டுப் பழக்கத்தைப் பற்றி நான் சொன்னதை விடவில்லை, ஷுஜாத் கான் வாசிப்பில் அது கேட்கிறது. ஆனால் கண்டா (சிஷ்யனாக ஏற்று குரு கையில் கட்டும் நூல்) கட்டிக்கொண்ட நாளில் என் குரு சொன்னது நினைவுக்கு வருகிறது. கச்சேரியில் யாருடைய பெயரைச் சொன்னாலும் காதைத் தொட்டுவிட்டுச் சொல், யாரிடம் ஒரு ‘தான்’ கோர்வை கேட்டு எடுத்துக்கொண்டாலும் அவர் பெயரைச் சொல் என்றார். யமன்பிரியன் சார் கேட்கும் படம் அந்த மாதிரி இருக்கும் போலிருக்கிறது. கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும், பார்க்க அழகாக இருக்காது.

யமன்பிரியன் எழுதியது:

அழகாக இல்லாவிட்டால் போகட்டும் ஜாலா. நான் வரையத் தொடங்கிவிட்டேன். குடும்ப உறவுக்குக் கறுப்பு, பாடம் சொன்னதற்குச் சிவப்பு. பஷீரன் பேகத்துக்கும் பந்தே ஹசன் கானுக்கும் பெட்டி போட்டாயிற்று. அன்னபூர்ணா தேவியிடமிருந்துதான் அதிகச் சிவப்புக் கோடுகள் இறங்குகின்றன. ரவிசங்கரிடமிருந்து மஞ்சு மேத்தா, கார்த்திக் குமார் என்று போகிறது. கார்த்திக் குமாரின் மகன் நிலாத்ரி குமாருக்கு இரண்டு நிறமும்.

லலிதா அம்மா, நம் பக்கத்துக்கு ஒரு கோடு எப்படிப் போடுவது என்றுதான் தெரியவில்லை. கீரவாணி, சாருகேசி, வாசஸ்பதி எல்லாம் சிதாருக்குப் போனதில் ரவிசங்கருக்கும் அப்துல் ஹலீம் ஜாஃபர் கானுக்கும் பெரிய பங்கு உண்டு. அவர்கள் நம் வித்வான்களைக் கேட்டுத்தான் எடுத்தார்கள். அதைச் சிஷ்யக் கோடாகப் போடலாமா?

வீணை லலிதா எழுதியது:

புள்ளிக் கோடாகப் போடுங்கள். கேட்டுக் கற்றதும் கற்றதுதான். ஆனால் எதிரே உட்கார்ந்து திட்டு வாங்கியதற்கும் அதற்கும் ஒரே கோடு வேண்டாம்.

நெய்வேலி அப்பா எழுதியது:

வணக்கம். இவ்வளவு விஷயம் தெரிந்தவர்கள் இருக்கும் இடத்தில் ஒரு சின்னக் கேள்வி. என் மகள் ஐந்து வருடமாக வீணை கற்கிறாள். இப்போது சிதார் வேண்டும் என்கிறாள். இணையத்தில் ஒன்று வாங்கிவிடலாமா? ஆரம்பத்தில் கரானா எல்லாம் பார்க்க வேண்டுமா?

ஜாலா எழுதியது:

ஐயா, வாங்கிவிடாதீர்கள்! முதலில் ஆசிரியரைப் பிடியுங்கள். எந்தக் கரானா என்பதைப் பொறுத்து வாத்தியமே மாறும்.

ரவிசங்கர் வழி வந்த ஆசிரியர் என்றால் கரஜ்-பஞ்சம் சிதார். ஏழு முக்கியத் தந்திகள், கீழ் மந்திரத்துக்குத் தடித்த தந்திகள் இரண்டு. மேலே இன்னொரு சுரைக்குடமும் பெரும்பாலும் இருக்கும். ஒன்றரைக் கட்டை சுருதிக்கு அமைப்பார்கள். விலாயத் கான் வழி என்றால் காந்தார-பஞ்சமம். அந்தத் தடித்த தந்திகளை எடுத்துவிட்டு ஆறு தந்தி, நடுவில் ஒன்றை ராகத்துக்கு ஏற்பக் காந்தாரத்துக்கோ வேறு ஸ்வரத்துக்கோ கட்டுவார்கள். மேல் குடம் கிடையாது, சுருதி சுமார் இரண்டு கட்டை. ஜவாரி (தந்திகள் உட்காரும் பாலத்தின் மேற்பரப்பு) தீட்டுவதும் வேறு. மைஹர் சிதாரில் நாதம் திறந்து ரீங்காரமாக வரும், எங்கள் பக்கம் கொஞ்சம் மூடி உருண்டையாக வரும். ஒன்றை வாங்கிவிட்டு இன்னொரு வழி ஆசிரியரிடம் போனால் பாடத்தைவிட வாத்தியத்தோடு போராடுவதே பெரும்பாடாகிவிடும்.

வீணை தெரிந்த பிள்ளைக்குத் தந்தி இழுப்பது சீக்கிரம் வரும். வலக்கைதான் பழக நாளாகும். வீணையில் இரண்டு விரலால் கீழ்நோக்கி மீட்டிப் பழகியிருப்பாள். சிதாரில் சுட்டுவிரலில் ஒரே மிஸ்ராப் (விரலில் மாட்டி மீட்டும் கம்பி வளையம்), உள்ளே வந்தால் தா, வெளியே போனால் ரா. மிஸ்ராபை மட்டும் இப்போதே வாங்கிக் கொடுங்கள், விரல் அளவுக்கு இறுக்கமாக. விலை ஒன்றும் அதிகம் இல்லை. எந்த ஊர்ப் பக்கம் ஆசிரியர் தேடுகிறீர்கள் என்று சொல்லுங்கள், தெரிந்தவர்களிடம் விசாரித்துச் சொல்கிறேன்.